சொல்லி முடிக்கிற விமானி

இரத்மலானையிலிருந்து சீனக்குடாவுக்கு வரும் சின்ன விமானத்தில் பன்னிரண்டு பேர் இருக்கலாம். பணிப்பெண் கிடையாது. விமானிகளுக்கும் பயணிகளுக்கும் நடுவே கதவும் கிடையாது. முன்வரிசைக் கதிரையில் இருப்பவர் கையை நீட்டினால் விமானியின் தோளைத் தொட்டுவிடலாம். அதனாலோ என்னவோ, கப்டன் இன்ஷாப்போடு ஒருமுறை பறந்தவர்கள் சொந்தக்காரரைப் பற்றிக் கதைப்பதுபோல அவரைப் பற்றிக் கதைப்பார்கள். திருகோணமலை ஆஸ்பத்திரி வரிசையில், வங்கியில், அரசாங்கக் கச்சேரி வாசலில் கேட்டிருக்கிறேன். "அந்தப் பகிடி விடுற பைலட்தானே, அவரோட நான் வந்தனான்" என்பார்கள்.

அவருக்குத் திக்குவாய் என்பது இவர்களில் பலருக்கு நெடுநாளாகத் தெரியாது. தெரிந்தபோது அது பெரிய கதையாகிவிட்டது. அந்தக் கதையை அவரிடமும், அவரோடு வேலை செய்தவர்களிடமும், அவரை நகரத்துக்கு ஏற்றியிறக்கிய ஒரு பஸ் ட்ரைவரிடமும் கேட்டு எழுதுகிறேன்.

இன்ஷாப் பிறந்தது 1993இல், கிண்ணியாவில். வாப்பா ஜெமீல் நெல் மூட்டை ஏற்றும் லொறி ஓட்டினார். உம்மாவின் பேர் சித்தி பரீதா, வீட்டில் தையல் வேலை செய்தார். மூன்று வயதுவரை மகன் நன்றாகக் கதைத்தான் என்றும், பிறகுதான் சொற்கள் தொண்டையில் நிற்கத் தொடங்கின என்றும் உம்மா சொல்வார். எல்லாச் சொல்லும் நிற்காது. 'ப' என்று தொடங்குவதும், அதற்குப் பக்கத்துச் சத்தங்களும்தான் மோசம். பள்ளிக்கூடத்தில் இடாப்பில் பேர் கூப்பிடும்போது அவர் வாய் திறக்க மாட்டார், கையை மட்டும் உயர்த்துவார். வாப்பா என்ற சொல்லை உம்மா என்ற சொல்லைவிடக் குறைவாகவே பாவித்தார். அதனால் ஜெமீல் ஒருகாலமும் மனம் நோகவில்லை, விசயம் அவருக்கு விளங்கியிருந்தது.

கிண்ணியாவில் நின்று பார்த்தால் தண்ணீருக்கு அப்பால் சீனக்குடா விமான நிலையம். விமானங்கள் குடாவின்மேல் தாழ்ந்துவந்து இறங்குவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இன்ஷாப் வளர்ந்தார். உயர்தரத்தில் கணிதம் எடுத்து நல்ல பெறுபேறு வந்தபோது, எஞ்சினியரா என்று எல்லோரும் கேட்டார்கள். அவர் ஒரு கடதாசியில் 'பைலட்' என்று எழுதி வாப்பாவிடம் நீட்டினார். அந்தச் சொல்லை அவரால் சொல்ல முடியாமலிருந்தது.

கட்டாரில் வேலை செய்த மாமா முனாஸ் செலவைப் பொறுப்பேற்றார். இன்ஷாப் இரத்மலானையில் ஒரு பறத்தல் பாடசாலையில் சேர்ந்தார். ஓட்டுவதில் அவருக்கு ஒரு சிக்கலும் இருக்கவில்லை. பயிற்றுனர்கள் அவருடைய கையைப் பாராட்டினார்கள். சிக்கல் வானொலியில் இருந்தது. விமானி கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு ஆங்கிலத்தில் கதைக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் தன் விமானத்தின் பெயரைச் சொல்லித் தொடங்க வேண்டும். இலங்கையில் பதிவான விமானங்களின் பெயரெல்லாம் '4R', அதாவது 'போர் ரோமியோ' என்றுதான் ஆரம்பிக்கும். அந்த 'போர்' அவருடைய உதட்டில் ஒட்டிக்கொண்டது. வானொலிப் பரீட்சையில் முதல் தடவை தவறினார். ஐந்து மாதம் பயிற்சி செய்து இரண்டாம் தடவை போய் அதிலும் தவறினார். பரீட்சகர் நல்ல மனிதர். வேறு தொழில் யோசித்துப் பார்க்கும்படி அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் தனக்குத் தாங்க முடியாமல் இருந்தது என்று இன்ஷாப் என்னிடம் சொன்னார்.

ஊருக்குத் திரும்பி வந்தார். ஒரு கிழமை கழித்து உம்மா சித்தி பரீதா தையல் மெசினில் இருந்தபடியே கேட்டார்.

"மகன், நீங்க பறக்கப் படிச்சீங்களா, கதைக்கப் படிச்சீங்களா?"

"ரெண்டும் படிக்க வேணும் உம்மா" என்றார் இன்ஷாப். "ஒண்டு முடிஞ்சுது."

அந்த நாட்களில் அவர் தினமும் காலையில் நகரத்து நூலகத்துக்குப் போய்வருவார். போகும் பஸ் யோகலிங்கம் என்பவருடையது. பாலையூற்றைச் சேர்ந்த யோகலிங்கம் தானே முதலாளி, தானே ட்ரைவர். கிண்ணியாவுக்கும் திருகோணமலைக்கும் நடுவே நாளுக்கு நாலு தடவை ஓடுவார். ஒருநாள் அவருடைய கொண்டக்டர் சொல்லாமல் கொள்ளாமல் வெளிநாடு போய்விட்டார். மிதிபலகைக்குப் பக்கத்தில் நின்ற இன்ஷாப்பிடம், தரிப்பிடங்களைக் கொஞ்சம் கூப்பிடச் சொன்னார் யோகலிங்கம். தனக்கு வாய் வராது என்று இன்ஷாப் சைகையால் காட்டினார்.

"பேர்தானே தம்பி. கதை இல்லையே. பேரைச் சொன்னாக் காணும்" என்றார் யோகலிங்கம்.

இன்ஷாப் கூப்பிட்டார். வெள்ளைமணல் வந்தது. சீனக்குடா வந்தது. பஸ்ஸின் தகரத்தில் கையால் தட்டி, தட்டுக்கு ஒரு சொல்லாகக் கூப்பிட்டபோது சத்தம் பெரிதாகவும் தடையில்லாமலும் வந்தது. அவருக்கே ஆச்சரியம். ஆனால் பாலையூற்று நெருங்கியபோது உதடு ஒட்டிக்கொண்டது. அவர் கூப்பிடாமல் விட்டுவிட்டார். பஸ் நிற்காமல் போனது.

பின் சீற்றில் பூரணி என்ற ஒரு அம்மா இருந்தார். கிண்ணியாச் சந்தையில் மரக்கறி வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகிறவர், அலுப்பில் கண்ணயர்ந்திருந்தார். இறங்க வேண்டிய இடம் தாண்டி முக்கால் மைல் போன பிறகுதான் எழும்பினார். யோகலிங்கம் பஸ்ஸை ஓரங்கட்டினார். கோபப்படவில்லை. இன்ஷாப்பைப் பார்த்து, அம்மாவின் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு வீட்டில் விட்டுவிட்டு வரச் சொன்னார். வெயிலில் நடந்த அந்த முக்கால் மைலில் இன்ஷாப் ஒரு முடிவுக்கு வந்தார். சொல்ல முடியாத சொல்லை விட்டுவிடுவதுதான் தன் பழக்கமாக இருந்தது, அதற்கு விலை கொடுத்தது இந்த அம்மா. இனி எவ்வளவு நேரம் எடுத்தாலும் சொல்லி முடிப்பது. வழியிலேயே பூரணியிடம் மன்னிப்புக் கேட்டு, தன் வாயைப் பற்றியும் சொன்னார். அதைச் சொல்லி முடிக்கவே நூறு யார் தூரம் நடக்க வேண்டியிருந்தது.

அடுத்த நாளிலிருந்து இன்ஷாப்தான் அந்த பஸ்ஸின் கொண்டக்டர். பூரணி பாலையூற்றுக்கு முன்பே எழும்பி வாசலில் வந்து நிற்பார். பஸ் நிற்கும். அவர் இறங்க மாட்டார்.

"சொல்லுங்க தம்பி. சொன்னாத்தான் இறங்குவன்."

பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். யோகலிங்கம் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிப்பார். இன்ஷாப் வியர்க்க வியர்க்க அந்தச் சொல்லை வெளியே கொண்டுவருவார். ஒருநாள் நாலு விநாடி, ஒருநாள் இருபது விநாடி. நாலாம் மாதத்தில் ஒரு பெடியன் பின்னால் நின்று அதேபோல் திக்கிக் காட்டினான், பலர் சிரித்தார்கள். இன்ஷாப் சிரிப்பு அடங்கும்வரை நின்று, சொல்லை முடித்து, பிறகு அந்தப் பெடியனைப் பார்த்து டிக்கற் எடுக்கச் சொன்னார்.

பதினொரு மாதம் அந்த பஸ்ஸில் வேலை செய்தார். திக்கு மாறவில்லை. அதை அவர் மறைக்காமல் சொல்கிறார். மாறியது பயம். சொல் நிற்கும்போது ஓடிவிடாமல் அங்கேயே நிற்கப் பழகிக்கொண்டார். நின்றால் அது சீக்கிரம் விடுகிறது என்பதையும் கண்டுபிடித்தார். பயணிகள் அலுப்பில் இருக்கும் காலைகளில் தரிப்பிடப் பெயரோடு ஏதாவது சேர்த்துக் கூப்பிடவும் தொடங்கினார். "சீனக்குடா, பிளேன் ஏறுறவங்க இறங்குங்க, மற்றவங்க என்னோட வாங்க" என்பதுபோல. சிரிப்பு வந்தால் நெஞ்சு தளர்ந்தது. மற்றவர்களுக்கும் தனக்கும்.

மூன்றாம் தடவை வானொலிப் பரீட்சைக்குப் போனபோது 'போர்' வருவதற்கு இரண்டு விநாடி எடுத்தது. அவர் பதறவில்லை. தொடையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார், சொன்னார். பரீட்சகர், கொஞ்சம் தாமதம், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவு என்று எழுதிச் சித்தியடைய விட்டார். அதே மனிதர்தான். கை குலுக்கும்போது எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று கேட்டாராம். கிண்ணியா பஸ்ஸில் என்றார் இன்ஷாப். அவர் நம்பவில்லை.

உள்ளூர்ச் சேவை நடத்தும் ஒரு சிறு தனியார் கம்பெனியில் 2019இல் துணை விமானியாகச் சேர்ந்தார். கொரோனாக் காலத்தில் விமானங்கள் நின்றன, அவரும் வீட்டில் நின்றார். 2022இல் கப்டனானார். கப்டன் என்றால் புறப்படுமுன் பயணிகளுக்கு அறிவிப்புச் செய்ய வேண்டும். கம்பெனி ஒரு அட்டை வைத்திருந்தது. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் பத்து வரி. அவர் அதைப் பார்த்து வாசிப்பார், ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஃபோனை நோண்டுவார்கள், ஆசனப் பட்டியை மாட்டாமல் யன்னலைப் பார்ப்பார்கள்.

ஒரு புதன்கிழமை முன்வரிசையில் மூதூரைச் சேர்ந்த நஜ்முன் நிஸா இருந்தார். கொழும்பில் கண் சத்திரசிகிச்சை முடித்து ஒரு கண்ணில் கட்டோடு ஊர் திரும்புகிறார், விமானத்தில் ஏறுவது அதுதான் முதல் தடவை. கதிரையின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். இன்ஷாப் அட்டையை எடுத்தபோது, இது எந்தப் பாதையால் போகும் என்று தமிழில் கேட்டார். இன்ஷாப் அட்டையை மடியில் வைத்தார். விமானத்தின் சுவரில் ஒரு தட்டுத் தட்டினார்.

"குருநாகல், தம்புள்ளை, மின்னேரியா, கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா. ஐம்பத்தைஞ்சு நிமிசம். நடுவில இறங்கிறதெண்டா இப்பவே சொல்லுங்க, பிறகு இறங்க ஏலாது."

நஜ்முன் நிஸா சிரித்தார். விமானம் முழுக்கச் சிரித்தது. சிங்களப் பயணிகள் என்னவென்று பக்கத்தில் கேட்டார்கள், அவர்களுக்கும் இன்ஷாப் சிங்களத்தில் தன் பாணியிலேயே சொன்னார். பிறகு பட்டியை எப்படி மாட்டுவது என்று காட்டியபோது பன்னிரண்டு பேரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை அவர் கவனித்தார்.

அப்படித்தான் தொடங்கியது. விமானம் உயரத்துக்குப் போய்ச் சீராகப் பறக்கும்போது மைக்கை எடுப்பார். கீழே தெரிவதைச் சொல்வார். மின்னேரியாக் குளத்தில் யானைகள் கூடும் மாதங்களில், அவை நம்மைத்தான் பார்க்கின்றன, கை காட்டாமல் போவது மரியாதையில்லை என்பார். பெரிய மனிதர்களும் யன்னலால் கை காட்டுவார்கள். தம்பலகாமத்து வயல்கள் வந்ததும், கீழே தங்கள் வயல் தெரிகிறவர்கள் சொன்னால் மற்றவர்கள் பார்த்து விளைச்சல் எப்படியென்று சொல்லலாம் என்பார். உண்மையாகவே ஒருவர் சொன்னார், எல்லோரும் பார்த்துப் பாராட்டினார்கள். இடையிடையே சொல் நிற்கும். தட்டுவார், வரும். பகிடிக்காக நிறுத்துகிறார் என்று ஆட்கள் நினைத்துக்கொண்டார்கள். கப்டன் இன்ஷாப் எந்த நாளில் ஓட்டுகிறார் என்று கேட்டு ஆசனம் பதிபவர்கள் வரத் தொடங்கினார்கள்.

ஒரு வருடத்துக்குள் ஒரு முறைப்பாடும் வந்தது. எழுதியவர் திருகோணமலை நகரத்தைச் சேர்ந்த பாக்கியரத்தினம், நீர்ப்பாசனத் துறையில் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்றவர். விமானம் பஸ் அல்ல என்றும், பன்னிரண்டு உயிர்களைச் சுமப்பவர் விளையாட்டாக இருக்கக் கூடாது என்றும், நல்ல ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். தலைமை விமானி கப்டன் தயாரத்ன இன்ஷாப்பைக் கூப்பிட்டு, இனி அட்டையை மட்டும் வாசிக்கச் சொன்னார்.

இன்ஷாப் அன்று சரி என்று சொல்லிவிட்டு வந்தார். மூன்றாம் நாள் ஒரு பக்கக் கடிதத்தோடு திரும்பப் போனார். ஏறும்போதும் இறங்கும்போதும் தான் ஒருபோதும் கதைத்ததில்லை, கதைக்கப்போவதுமில்லை. கதைக்கும்போது விமானத்தை ஓட்டுவது துணை விமானி. அட்டையை வாசித்தால் பட்டியைப் பார்ப்பவர்கள் இத்தனை பேர், தன் பாணியில் சொன்னால் இத்தனை பேர் என்று, முறைப்பாட்டுக்கு முன்பே ஒரு மாதம் எண்ணி வைத்திருந்த கணக்கையும் எழுதியிருந்தார். கடிதத்தின் கடைசியில் ஒரு வேண்டுகோள்: அறிவிப்பு தமிழிலும் இருக்க வேண்டும், இந்தப் பாதையில் வருகிறவர்களில் பாதிக்கு மேல் தமிழ் கதைப்பவர்கள். தயாரத்ன கடிதத்தை இரண்டுதரம் வாசித்தார். சீரான பறப்பில் மட்டும், ஒரு தடவைக்கு ஒரு நிமிடம், அதற்கு மேல் இல்லை என்றார். தமிழைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார். இன்ஷாப் மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடத்தில் நிறுத்தப் பழகினார். தமிழைப் பற்றி மாதத்துக்கு ஒரு தடவை ஞாபகப்படுத்தினார்.

2023 டிசம்பரில், மாரி மழை விடாமல் பெய்த ஒரு கிழமையில், பின்னேர விமானம் சீனக்குடாவை நோக்கி வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு ஆசனமும் நிறைந்திருந்தன. முன்வரிசையில் இருந்தவர் பாக்கியரத்தினம். துணை விமானி சாம்பல்தீவைச் சேர்ந்த கௌசிகா, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். கந்தளாய் தாண்டியதும் வானம் கறுத்தது. இறங்கலாம் என்று கோபுரம் சொன்னது, இறங்கத் தொடங்கினார்கள். குடாவின்மேல் ஐந்நூறு அடிக்கு வந்தபோது மழை ஒரு சுவர்போல முன்னால் வந்து நின்றது. ஓடுபாதை மறைந்துவிட்டது. இன்ஷாப் ஒரு கணமும் யோசிக்காமல் எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளி மேலே எழுப்பினார். பயணிகளுக்குத் தெரிந்ததெல்லாம், தண்ணீர் மிகக் கிட்டத்தில் வந்ததும், விமானம் திடீரென மூக்கை உயர்த்தி முழங்கியதும்தான். யாரோ கத்தினார்கள். யாரோ கலிமாச் சொல்லத் தொடங்கினார்கள்.

மேலே ஏறி, கோபுரத்தோடு கதைத்தார். விமான நிலையத்தில் மழை விடுவதாகத் தெரியவில்லை. தெற்கே ஹிங்குராக்கொடையில் வானம் திறந்திருந்தது. அங்கே போவதென்று முடிவெடுத்தார். விமானத்தைக் கௌசிகாவிடம் ஒப்படைத்துவிட்டு மைக்கை எடுத்தார். 'பயணிகள்' என்று தொடங்க வேண்டும்.

சொல் வரவில்லை. தொடையில் தட்டினார். வரவில்லை. பஸ்ஸில்கூட இப்படி நின்றதில்லை என்கிறார். மைக் திறந்திருந்ததால் அவருடைய உதடு அடைபடும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கதவில்லாத விமானம், அவர் முகத்தைப் பின்னால் திருப்பியிருந்தார், தாடை இறுகியிருப்பதைப் பன்னிரண்டு பேரும் கண்டார்கள். ஒரு இளைஞர் ஃபோனை உயர்த்திப் படம் பிடித்தார். கௌசிகா ஒரு கையை மைக்குக்காக நீட்டினார். இன்ஷாப் தலையை ஆட்டி மறுத்தார்.

பதினைந்து விநாடி இருக்கும் என்கிறார் கௌசிகா. பிறகு வந்தது.

"ப... பயணிகள் எல்லாருக்கும். எனக்கு வாய் திக்கும். விமானம் திக்காது."

பின்வரிசையில் ஒருவர் தன்னை அறியாமல் சிரித்தார். இன்ஷாப் திக்கித் திக்கியே தொடர்ந்தார். சீனக்குடாவில் மழை, இறங்க ஏலாது, ஹிங்குராக்கொடைக்குப் போகிறோம், இருபத்தைந்து நிமிடம், எரிபொருள் தாராளமாக இருக்கிறது. இப்போது ஓட்டுவது கௌசிகா, சாம்பல்தீவுப் பிள்ளை, கை நல்ல கை. இதையெல்லாம் சொல்லி முடித்து, அதையே சிங்களத்திலும், பிறகு ஆங்கிலத்திலும், மூன்று மொழியிலும் திக்கிச் சொன்னார். முன்னால் முகில் இருந்தது. ரேடாரைப் பார்த்து, இனி ஐந்து குலுக்கல் வரும், சேர்ந்து எண்ணுங்கள், கூடினால் என்னிடம் முறைப்பாடு செய்யலாம் என்றார். எண்ணினார்கள். ஒன்று. இரண்டு. ஐந்தில் நிற்கவில்லை, ஏழு வந்தது. கணக்குப் பிழைத்துவிட்டது என்று அவர் ஒப்புக்கொண்டபோது, கலிமாச் சொல்லிக்கொண்டிருந்தவரே சிரித்துவிட்டார்.

இறங்கும் நேரம் வந்ததும் மைக்கை வைத்தார். விமானத்தைத் திரும்பத் தன் கைக்கு எடுத்து, ஈரமான ஓடுபாதையில் மெதுவாக வைத்தார். அதன் பிறகுதான் தன் சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருப்பதை உணர்ந்தார்.

அங்கே இரண்டு மணித்தியாலம் நின்றார்கள். தேத்தண்ணி கிடைத்தது. பாக்கியரத்தினம் கோப்பையோடு வந்து இன்ஷாப்பின் முன்னால் நின்றார். நன்றி சொல்லப்போகிறார் என்று கௌசிகா நினைத்தாராம்.

"கந்தளாய்க் குளத்தைப் பற்றி நீங்கள் சொல்லுறது அரைவாசிதான் சரி" என்றார் அவர். "மின்னேரியாவில இருந்து அதுக்கு வாய்க்கால் வருது. மேல இருந்து பாத்தா வடிவாத் தெரியும். அதை ஏன் சொல்லுறேல்ல?"

தனக்குத் தெரியாது என்றார் இன்ஷாப்.

"அனுப்பி வைக்கிறன். என்ர முறைப்பாட்டை நான் திருப்பி எடுக்க மாட்டன். ஆனா சொல்லுறதைச் சரியாச் சொல்லுங்கோ."

ஒரு கிழமையில் தடித்த கடித உறை வந்தது. பாதையிலுள்ள எல்லாக் குளங்களும் வாய்க்கால்களும் கையால் வரைந்த வரைபடம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிக் குறிப்பு.

ஆனால் அதற்கு முன்பே அந்த இளைஞர் பிடித்த படம் முகநூலில் ஏறிவிட்டது. வாய் வராதவனிடம் விமானத்தைக் கொடுத்தது யார் என்று கேட்டு நூற்றுக்கணக்கானவர்கள் எழுதினார்கள். காப்பாற்றியவர் அவர்தானே என்று நஜ்முன் நிஸாவின் மகன் உட்படப் பலர் பதில் எழுதினார்கள். கம்பெனி, விசாரணை முடியும்வரை இன்ஷாப்பைப் பறக்க விடவில்லை. அவரை மருத்துவக் குழு ஒன்றின் முன் அனுப்பினார்கள்.

ஆறு கிழமை வீட்டில் இருந்தார். உம்மா சமைத்துப் போட்டதையெல்லாம் சாப்பிட்டார், ஊரார் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். படிவங்களோடு அரசாங்கக் கந்தோர் கந்தோராகப் போனார். செவிப் பரிசோதனை, நரம்புப் பரிசோதனை, பேச்சு நிபுணர், எல்லாவற்றுக்கும் போனார். வாப்பா ஜெமீல் ஒருநாள் லொறியில் அவரை ஏற்றிக்கொண்டு போகும்போது, இவ்வளவு போதாதா, வேறு வேலை பார்க்கலாமே என்று மெல்லக் கேட்டார். இன்ஷாப் அவர் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்.

"வா... வாப்பா, நான் பிழை விட்டிருந்தா விட்டுப்போட்டு வந்திடுவன். பிழை விடேல்ல."

ஜெமீல் லொறியை அடுத்த கந்தோருக்கு விட்டார்.

மருத்துவக் குழு கடைசியில் செய்தது ஒரு எளிமையான வேலை. அன்றைய கோபுர ஒலிப்பதிவை எடுத்துக் கேட்டார்கள். இன்ஷாப் கோபுரத்தோடு பத்தொன்பது தடவை கதைத்திருந்தார். ஒரு தடவை மட்டும் மூன்று விநாடி தாமதம். ஒரு சொல்லும் பிழையில்லை, ஒன்றையும் கோபுரம் திரும்பக் கேட்கவில்லை. மழைச் சுவரைக் கண்டு மேலே எழுப்ப அவர் எடுத்த நேரம் ஒரு விநாடிக்கும் குறைவு என்று கௌசிகாவும் சாட்சி சொன்னார். திரும்பவும் பறக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

தயாரத்ன அந்தக் கடிதத்தைக் கொடுக்கும்போது, அன்று மைக்கைத் துணை விமானியிடம் கொடுத்திருந்தால் இந்தச் சில்லெடுப்பு ஒன்றும் வந்திருக்காதே என்றார். ஓம் என்று இன்ஷாப் ஒப்புக்கொண்டார். ஆனால் முதல் நாளே தன் வாயைப் பற்றிப் பயணிகளுக்குச் சொல்லியிருந்தால் அப்போதும் வந்திருக்காது, அதுதான் தன் பிழை என்றார். அன்றிலிருந்து புறப்படுமுன் அதையும் ஒரு வரியாகச் சொல்கிறார். அந்தச் சந்திப்பிலேயே தமிழ் அறிவிப்பைப் பற்றியும் கேட்டார். இது பதினாறாவது தடவை என்று தயாரத்ன சொன்னார், அவரும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எழுதிக் கொண்டுவரச் சொன்னார்.

இன்ஷாப்பும் கௌசிகாவும் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார்கள். முதல் வரைவைக் கம்பெனி ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தது. அது 'ஆசனப் பாதுகாப்புப் பட்டிகையை இறுக்கமாகப் பிணைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றீர்கள்' என்று திரும்பி வந்தது. இன்ஷாப் அதை எடுத்துக்கொண்டு போய், இந்த வரியைச் சொல்லி முடிக்குமுன் விமானம் குருநாகலுக்குப் போய்விடும் என்றார். 'பட்டியைப் போடுங்கோ, இறங்கும் வரைக்கும் கழட்ட வேண்டாம்' என்பது நின்றது. இப்போது அந்தக் கம்பெனியின் எல்லா விமானங்களிலும், யார் கப்டனாக இருந்தாலும், தமிழ் அட்டை இருக்கிறது. சிங்கள விமானிகள் உச்சரிப்பு எழுதிவைத்து வாசிக்கிறார்கள்.

போன வருடம் இன்ஷாப் பெரிய விமானங்கள் ஓட்டும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு விண்ணப்பித்தார். ஓட்டும் பரீட்சையில் முதல் மூவரில் ஒருவர். நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியில் சொல் நின்றது. நின்று, முடித்தார். மூவரில் மற்ற இருவரையும் எடுத்தார்கள். காரணம் எழுதவில்லை. மனைவி பஸ்மியாவிடம் அன்றே ஃபோனில் சொன்னார், பத்து நிமிடம் கவலைப்பட்டார், அடுத்த நாள் காலை விமானத்தை ஓட்டினார். அந்தக் காலை விமானத்தில் நான் இருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது. மின்னேரியாவிலிருந்து கந்தளாய்க்குப் போகும் வாய்க்காலைக் காட்டி, பாக்கியரத்தினம் ஐயாவின் பேரைச் சொல்லி, அவர் சொன்னபடி சரியாகச் சொல்கிறேனா என்று கேட்டுச் சிரிக்கவைத்தார். மணிக்கூட்டைப் பார்த்தேன், சரியாக ஒரு நிமிடம்.

வருகிற மார்ச்சில் அதே கம்பெனி திரும்பவும் ஆட்களை எடுக்கிறது. போன கிழமை கிண்ணியாவில் அவருடைய வீட்டுக்குப் போனபோது விண்ணப்பப் படிவம் மேசையில் இருந்தது. பேச்சுக் குறைபாடு உண்டா என்ற கட்டத்தில் 'உண்டு' என்று எழுதி, பக்கத்தில் இருந்த சின்ன இடம் போதாமல் இன்னொரு தாள் இணைத்திருந்தார். எடுக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"அதுக்கடுத்த மார்ச் இருக்குத்தானே" என்றார். பிறகு பஸ்மியாவிடம் கோந்துப் போத்தலைக் கேட்டு வாங்கி, உறையை ஒட்டினார்.